ஒப்பாரியில் அழுகையை எங்கே வைப்பது? பாடுகிறவர்கள் பகிரும் அனுபவக் குறிப்புகள்

ஒப்பாரி சொல்லித்தருபவர்:

கற்க வருகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, பாட்டு முழுக்க அழுவது. இழவு வீட்டில் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பு வைக்கிற பெண்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். சொல் வருகிற இடத்தில் குரல் தெளிவாக இருக்கும், கிட்டத்தட்டப் பேச்சு மாதிரி. அழுகை வருவது மூன்றே இடத்தில்: "என்னப் பெத்த அம்மா" என்கிற விளியின் கடைசி உயிரெழுத்தில், அடி முடிந்த பிறகு வருகிற இழுப்பில், அடுத்த அடிக்கு மூச்சு வாங்கும்போது. சொல்லுக்கு நடுவே விம்மினால் சொல்லும் கெடும், விம்மலும் பொய்யாகிவிடும்.

பயிற்சிக்காக ஒரு கண்ணி கட்டித் தருகிறேன்.

கூடத்து வெளக்கணைய – எனக்கு
கோடி இருள் வந்ததென்ன
மாடத்து வெளக்கணைய – எனக்கு
மலையிருள் வந்ததென்ன

"கூடத்து" உச்சியில் தொடங்கட்டும். அங்கிருந்து இறங்கிக்கொண்டே வந்து "வந்ததென்ன"வில் ஆதார சுருதியில் அமர வேண்டும். மொத்தம் நாலைந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். மூன்றாம் நாலாம் அடிகளுக்கும் அதே மெட்டுதான். கூடம் மாடமாகிறது, கோடி மலையாகிறது, அவ்வளவே மாற்றம். பொருள் ஏற்கெனவே கேட்டவருக்குத் தெரிந்துவிட்டதால் இரண்டாம் முறை அவர் காது குரலை மட்டும் கேட்கும். பாடுகிறவருக்கோ அடுத்த கண்ணியை யோசிக்க இடம் கிடைக்கும். அதனால் முதல் இரண்டடியை அடக்கிப் பாடி, உருக்கத்தைப் பின் இரண்டடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முதலடியிலேயே கொட்டினால் நாலாம் அடி வெறும் சத்தமாகத்தான் வரும்.

இன்னொன்று. முதல் நாட்களில் விம்மலே வேண்டாம். கண்ணியை ராகமில்லாமல் பேசிப் பழகி, பிறகு இறக்கத்தோடு பாடி, அதற்குப் பிறகு இழுப்பைச் சேர்க்க வேண்டும். குரல் உடைவது கடைசிப் பாடம்.

குரல் பயிற்சி தருபவர்:

அந்தக் கடைசிப் பாடத்தைப் பற்றி, அக்கா அனுமதித்தால். பிரேசில் பழங்குடிகளின் இரங்கல் ஓலத்தை ஆராய்ந்த கிரெக் அர்பன் 1988-இல் எழுதிய கட்டுரையில் அழுகையின் அடையாளங்களாக நான்கைச் சொல்கிறார்: குரல் உடைதல், ஒலியோடு மூச்சை உள்ளிழுத்தல், கரகரத்த அடிக்குரல், கள்ளக்குரலில், அதாவது இயல்பான குரலுக்கு மேலே போகிற மெல்லிய குரலில், உயிரெழுத்தை இழுத்தல். நம் ஒப்பாரியில் இந்த நான்குமே கேட்கிறது. நான்கையும் தனித்தனியாகப் பழகலாம்.

உடைப்புக்கு: "ஏ" என்று நடுக்குரலில் தொடங்கி மெல்ல மேலே வழுக்கிக்கொண்டு போங்கள். பேசும்போது வருகிற மார்புக்குரல் கள்ளக்குரலாக மாறுகிற இடம் ஒன்று தட்டுப்படும். அந்த இடத்தை ஒட்டிச் சுருதி வைத்துக்கொண்டால் இழுப்பின் நடுவே குரல் ஒரு கணம் மேலே தாவி உடனே கீழே விழும். தாவலுக்கு முன்பு மூச்சைக் குறைக்க வேண்டும். பலர் அங்கேதான் மூச்சைத் தள்ளுகிறார்கள். தள்ளினால் குரல் உடையாது, வீறிடும். ஒரு நாளைக்கு 5 நிமிடம் போதும். தொண்டையில் உறுத்தலோ எரிச்சலோ தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

உண்மையில் அழுதால் பாட்டு ஏன் நின்றுபோகிறது என்று பலர் கேட்கிறார்கள். அழும்போது உடம்பு அதிகக் காற்றுக்காகக் குரல்வளையின் வாயைத் திறந்தே வைக்கப் பார்க்கிறது. விழுங்கும்போது அது மூடியாக வேண்டும். இந்த இழுபறிதான் தொண்டையில் உருண்டையாகத் தெரிவது. கூடவே கண்ணீர் நாசிக் குழாய் வழியே மூக்கில் இறங்கி மூக்கை அடைக்கிறது. ம், ந், ன் மூன்றும் மூக்கொலிகள். "என்னப் பெத்த அம்மா"வில் எத்தனை மூக்கொலி என்று எண்ணிப் பாருங்கள். மூக்கு அடைத்தால் "ம்மா" என்பது "ப்பா"வுக்குப் பக்கத்தில் போய்விடும். தேர்ந்தவர்கள் அடிக்கொரு தரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வதில் இப்படி ஒரு பயன் இருக்கிறது.

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல் நாண்களைத் தொடுவதில்லை. பாடும்போது ஒரு மடக்கு குடித்தால் வாய் நனையும், அவ்வளவுதான். காலையிலிருந்தே குடித்து வர வேண்டும். உடனே ஈரம் வேண்டுமென்றால் ஆவி பிடியுங்கள். தொண்டையைச் செருமாதீர்கள், நாண்கள் ஒன்றோடொன்று மோதும்.

உறுமி வாசிப்பவர்:

மேடையில் ஒப்பாரி கெடுவதற்குப் பாதிக் காரணம் எங்கள் பக்கம்தான். பெண்கள் ஒப்பு வைக்கும்போது தாளக்கட்டு கிடையாது. ஒரு மூச்சு எவ்வளவோ, அடி அவ்வளவு. அதை நாலு தட்டுக்குள் அடைத்தால் இழுப்புக்கு இடமே இருக்காது. அக்கா சொன்ன மூன்று இடமும் ஒரேயடியாகப் போய்விடும். கண்ணி முடிந்த பிறகு மட்டும் வாசியுங்கள், அடி ஓடும்போது கை ஓய்ந்திருக்கட்டும். உறுமியின் ஒரு முகத்தில் வளைகுச்சியைத் தேய்த்து எழுப்புகிற முனகல் மனிதக் குரலுக்கு நெருக்கமானது. பாடுகிறவரின் சுருதிக்குப் பக்கத்தில் அது வந்தால் இரண்டும் குழம்பும். உறுமியின் சுருதியை நன்றாகத் தாழ்த்திக் கட்டுங்கள்.

ஒலிப்பதிவு செய்பவர்:

மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். விளி உச்சத்தில் வெடிக்கும், அடிமுடிவு முணுமுணுப்பாகும். ஒலிப்பதிவு அளவை உச்சத்துக்கு ஏற்ப வைத்துவிட்டுப் பிறகு தொடாதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஒப்பாரியில் போடவே கூடாது. மூச்சு உள்ளிழுக்கும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும், வெட்டினால் அழுகை போச்சு. சுருதி திருத்துவதும் அப்படித்தான். பலர் குரலில் காந்தாரம், அதாவது 'க' சுரம், தாழ்ந்த வகையான சாதாரணத்துக்கும் உயர்ந்த வகையான அந்தரத்துக்கும் இடையில் நிற்கிறது. கீபோர்டுக்கு அந்த இடம் கிடையாது. துணைக்கு ஏதாவது வேண்டுமென்றால் தம்பூராச் சுருதி போதும்.

ஒப்பாரி சொல்லித்தருபவர்:

தம்பி சொன்ன காந்தாரத்தைத் தாலாட்டிலும் கேட்கலாம். தாலாட்டு, ஒப்பாரி இரண்டுக்கும் மெட்டு பல இடங்களில் ஒன்றுபோலவே போகும். "ஆராரோ"வில் வல்லின மெய்யே இல்லை, தால் என்கிற நாக்கு மட்டும் அசைகிறது, ஓசை "ஓ"வில் மெல்ல மூடுகிறது. ஒப்பாரி திறந்த "ஆ"வில் சரிந்து முடியும். தாலாட்டை முதலில் பழகி, அதன் அடிமுடிவை மட்டும் மாற்றிப் பாடிப் பார்க்கச் சொல்வேன்.

பாடும்போது சொந்தத் துக்கம் வந்து தொண்டை அடைத்துவிட்டால் அடக்கிப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். இழவு வீட்டில் ஒருத்தி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவள் அதே அடியை எடுத்துக்கொடுப்பாள். மேடையிலும் பின்பாட்டுக்காரரைத் தோள் தொடும் தூரத்தில் உட்கார வைத்து, கையை அழுத்தினால் அவர் எடுக்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவர் விளியிலிருந்து தொடங்க வேண்டும், விட்ட சொல்லிலிருந்து அல்ல.