‘முன்கேட்பு’: யாம நிகழ்ச்சியின் விருந்தினரைப் பற்றி ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் இரவு வெகுநேரம் கழித்து ஒளிபரப்பாகும் நேர்காணல் நிகழ்ச்சிகளுக்காகத் தொகுக்கப்பட்ட சொற்பட்டியலைப் படித்தேன். அதற்குப் பின்னால் உள்ள உழைப்பு பெரிது. ஆயினும் ‘பின்னிரவு’, ‘பிரபல விருந்தினர்’, ‘நேர்காணல்’ என்னும் அதன் தலைச்சொற்கள் மூன்றிலும் எனக்கு ஐயம் இருக்கிறது. அவற்றைக் காட்டிலும், பட்டியலில் இடம்பெறாமல் போன ஒரு சொல்தான் இந்நிகழ்ச்சிகளின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். இந்த இழையில் பிறர் எழுதிய கருத்துகளை மேற்கோளாகக் காட்டி, ஐயங்களை முதலில் சொல்லிவிட்டு அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

> ‘பின்னிரவு நேர்காணல்’ என்றே வைத்துக்கொள்ளலாம், எவருக்கும் புரியும்.

புரியும், ஆனால் பொருந்தாது. பின்னிரவு என்பது நள்ளிரவுக்குப் பிந்திய பொழுது. என்பிசி தொலைக்காட்சியின் ‘தி டுநைட் ஷோ’ அந்நாட்டுக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 11.35 மணிக்குத் தொடங்குகிறது. அதாவது, தொகுப்பாளர் நின்றுகொண்டு அன்றைய செய்திகளைப் பகடி செய்யும் தொடக்கவுரை முன்னிரவிலும், விருந்தினர் வந்து அமரும் பகுதியில் பெரும்பங்கு பின்னிரவிலும் விழுகின்றன. ஒரே நிகழ்ச்சியை இப்படி நடுவே பிளக்கும் சொல் நமக்கு எதற்கு? தமிழில் ஆறு சிறுபொழுதுகளுள் ஒன்றான யாமம், இரவு 10 மணி முதல் 2 மணி வரையிலான பத்து நாழிகையைக் குறிக்கிறது. 11.35க்குத் தொடங்கும் நிகழ்ச்சியும், அதையடுத்து 12.35க்குத் தொடங்கும் நிகழ்ச்சியும் அதற்குள் முழுமையாக அடங்கிவிடுகின்றன. பேச்சு வழக்கில் ‘சாமம்’ இன்னும் உயிரோடு இருப்பதால், ‘யாம நிகழ்ச்சி’ என்பது அகராதியிலிருந்து தோண்டியெடுத்த சொல்லாக எவருக்கும் தோன்றாது. இந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அன்று மாலை 5 மணியை ஒட்டியே பதிவு செய்யப்படுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். பதிவு எற்பாட்டில், அதாவது பிற்பகல் 2 முதல் 6 மணி வரையிலான சிறுபொழுதில்; ஒளிபரப்பு யாமத்தில். நம் பொழுதுக் கணக்கு இதற்கென்றே வகுத்ததுபோல் இருக்கிறது.

> விருந்தினருக்கு முன்னால் ‘பிரபல’ என்னும் அடை கட்டாயம் வேண்டும்.

வேண்டாம் என்பது என் கருத்து. ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே அடிப்படைப் பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் புதுவதாகப் புனையும் யாப்பையே விருந்து என்கிறது. வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனது அந்தப் பொருளிலிருந்துதான். யாம நிகழ்ச்சிக்கு வருபவருக்கும் நுழைவுச்சீட்டாக அமைவது அவர் கையில் இருக்கும் புதுமையே. வெளிவரவிருக்கும் படம், தொடங்கவிருக்கும் தொடர், அச்சிலிருந்து வந்த நூல் என ஏதேனும் ஒன்று இல்லாமல் புகழ்பெற்ற நடிகர் அந்த இருக்கைக்கு வருவது அரிது. தரப்படும் ஊதியமோ நடிகர் சங்கம் வகுத்த குறைந்தபட்ச அளவுதான். அதற்காக எவரும் வருவதில்லை. 2009 மார்ச் 19 அன்று பராக் ஒபாமா, பதவியில் இருக்கும்போதே யாம நிகழ்ச்சிக்கு வந்த முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக, ‘தி டுநைட் ஷோ’வின் அன்றைய தொகுப்பாளர் ஜே லீனோவின் முன் அமர்ந்தபோது, அவரும் பொருளாதார நெருக்கடிக்கான தம் புதிய திட்டங்களை எடுத்துச் சொல்லவே வந்திருந்தார்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று 2023இல் கிடைத்தது. மே 2ஆம் நாள் அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியதும் யாம நிகழ்ச்சிகள் உடனே நின்றன. எழுத்தாளர்களுக்கு உடன்பாடு ஏற்பட்டு, அக்டோபர் 2 அன்று அவை திரும்பியபோது நடிகர்களின் வேலைநிறுத்தம் முடிந்திருக்கவில்லை; அது நவம்பர் 9 வரை நீடித்தது. நடிகர்கள் வந்து அமரத் தடையில்லை. ஆனால் வேலைநிறுத்தத்துக்கு உட்பட்ட தங்கள் புதிய படங்களைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அந்த வாரங்களில் நிகழ்ச்சிகள் விருந்தினர் பட்டியலை நிரப்ப வேறு துறையினரை நாட வேண்டியிருந்தது. புகழ் அப்படியே இருந்தது, புதுமையைத்தான் சொல்ல முடியவில்லை. அதனால் விருந்தும் இல்லை. எனவே ‘விருந்தினர்’ என்ற தனிச்சொல்லே போதும். ‘பிரபல’ என்ற பெயரடையைப் ‘பிரபலம்’ என்று பெயராக்கி, ‘பிரபலங்கள்’ என்று பன்மையும் கொடுத்துப் புழங்கும் இதழியல் வழக்கைக் கலைச்சொல் பட்டியலுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

மூன்றாவது ஐயம் ‘நேர்காணல்’ பற்றியது: மேடையில் கேட்பதாகத் தோன்றுபவை முன்பே வேறொருவர் கேட்டறிந்தவை. பட்டியலில் இல்லாத சொல்லும் இங்கேதான் இருக்கிறது.

இந்நிகழ்ச்சிகளுக்கு வசனவரி எழுதும் எவருக்கும் ஒரு தொல்லை விரைவில் தென்படும். தொகுப்பாளர் கேட்பதாகத் தோன்றும் கேள்விகளை நேராகத் தமிழில் எழுதினால் அவை உயிரற்றுக் கிடக்கும். “அண்மையில் நாய் ஒன்று வாங்கினீர்களா?” என்று எழுதிப் பார்ப்போம். விருந்தினர் அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார். அரங்கமும் கதைக்குத் தயாராகிவிடுகிறது. இந்த வினாவில் அதற்கான காரணம் எதுவும் இல்லை. “நாய் வாங்கினீர்களாமே?” என்று ஓர் ‘ஆம்’ சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒற்றை இடைச்சொல், பேசுபவர் செய்தியைப் பிறர்வாய்க் கேட்டிருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலம் மறைத்துவைப்பதை நம் மொழி வாய் தவறிச் சொல்லிவிடுகிறது! தொகுப்பாளர் யாரிடமிருந்து கேட்டார்?

விருந்தினர் வருவதற்குச் சில நாள் முன்பு, நிகழ்ச்சியின் பகுதித் தயாரிப்பாளர் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். படப்பிடிப்பில் என்ன நடந்தது, விடுமுறையில் எங்கே போனார், வீட்டில் குழந்தைகள் என்ன செய்தார்கள், எங்கேனும் தடுக்கி விழுந்தாரா என்றெல்லாம் கேட்டு, விருந்தினரைப் பேசவிட்டுக் குறித்துக்கொள்கிறார். கிடைத்த கதைகளுள் சிரிப்பு வரக்கூடியவற்றைப் பொறுக்கி வரிசைப்படுத்துகிறார்; ஒவ்வொரு கதைக்கும் வாசல் திறக்கும் ஒரு வரியைத் தொகுப்பாளருக்காக எழுதுகிறார். அந்த வரிகள் சிறு அட்டைகளில் ஏறி மேசைக்குப் போகின்றன. ஒளிபரப்பின்போது தொகுப்பாளரின் பார்வை ஒரு நொடி அட்டைக்குத் தாழ்ந்து, உடனே விருந்தினரின் முகத்துக்கு ஏறுவதைக் கவனித்துப் பாருங்கள். ‘ஆமே’ பிறப்பது அந்த நொடியில்தான். ஒரு பகுதிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால் திட்டமிட்ட கதைகளில் ஒன்றிரண்டு எப்போதும் அட்டையிலேயே தங்கிவிடும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியார் இதை ‘ப்ரீ-இன்டர்வியூ’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல் இல்லாமல் யாம நிகழ்ச்சியின் விருந்தினரைப் பற்றி ஒழுங்காக ஒரு பத்திகூட எழுத முடியாது.

> நேர்காணலுக்கு முந்தியது ‘முன்னேர்காணல்’ ஆகலாமே?

இலக்கணப்படி அது சரியான புணர்ச்சிதான். முன்னும் நிலையும் சேர்ந்து முன்னிலை ஆனதுபோல. ஆனால் படிப்பவர் கண்ணுக்கு முதலில் ‘முன்னேர்’தான் தென்படும், உழவர் முன்னே ஓட்டிப் போகும் ஏரைப் பார்ப்பதாகிவிடும். முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்ற பழமொழி இங்கே நடப்பதை அச்சுப் பிசகாமல் சொல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தயாரிப்பாளர் உழுத சாலிலேயே தொகுப்பாளர் உழுகிறார். பழமொழி பொருந்திவிட்டது என்பதற்காக, படிக்கும்போதே தடுக்கிவிடும் சொல்லை ஏற்றுக்கொள்ள இயலாது.

> ‘ஒத்திகை’ என்ற எளிய சொல் இருக்கையில் புதுச்சொல் எதற்கு?

ஒத்திகைக்கு அதில் பங்குகொள்வோர் கூடியிருக்க வேண்டும். இங்கோ தொகுப்பாளர் அந்த உரையாடலில் இருப்பதே இல்லை. விருந்தினரை மேடைக்கு முன்பே சந்திப்பதைத் தவிர்க்கும் தொகுப்பாளர்களும் உண்டு. சந்தித்தால் பேச்சின் சூடு அங்கேயே ஆறிவிடும் என்பது அவர்கள் கணிப்பு. தவிர, ஒத்திகையில் ஒருவர் சொல்ல வேண்டியது முன்பே எழுதப்பட்டிருக்கும்; இதில் எழுதுவதற்கான பொருள்தான் திரட்டப்படுகிறது. ‘முன்காணல்’ என்றும் ஒருவர் முன்மொழிந்திருந்தார். அதைப் படத்தின் முன்காட்சியோடு குழப்பிக்கொள்வார்கள். விருந்தினர்கள் படத்துணுக்கோடு வரும் நிகழ்ச்சியில் அந்தக் குழப்பம் நாள்தோறும் நேரும்.

என் முன்மொழிவு ‘முன்கேட்பு’.

‘கேள்’ என்னும் வினை தமிழில் வினவுதலையும் செவிமடுத்தலையும் ஒருசேரச் சுட்டும். கேள்வி என்பதும் அப்படியே: வினாவும் கேள்வி, பிறர் சொல்லக் கேட்டறிந்ததும் கேள்வி. கேள்விஞானம் என்பதில் உள்ளது இரண்டாவது பொருள். பகுதித் தயாரிப்பாளர் செய்வது இவ்விரண்டும் கலந்த செயல். வினவுகிறார், அதைவிட அதிகமாகக் காது கொடுக்கிறார். தொகுப்பாளரின் ‘ஆமே’க்கு மூலமும் இந்தக் கேட்டறிதல்தான். ஆங்கிலச் சொல்லில் இந்த இருபொருள் கிடையாது. நமக்கு மொழியே அதைத் தந்திருக்கிறது. கருத்துக்கேட்பு என்ற சொல் அரசு அறிவிப்புகளில் வேரூன்றிவிட்டதால் ‘கேட்பு’ காதுக்கும் புதிதன்று. அதைச் செய்பவர் முன்கேட்பாளர், அட்டையில் ஏறுவது முன்கேட்புக் குறிப்பு, “நேற்றே முன்கேட்டுவிட்டார்கள்” என்பது வினை வடிவம். ஒரு கலைச்சொல்லுக்கு இந்த அளவு கிளைத்தல் தேவை.

வங்கியில் ‘கேட்பு வரைவோலை’ இருப்பதால் கேட்பு என்றால் பணம் கோருவது என்று பொருள்படாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். படலாம். ஆனால் அதே வரைவோலையை எடுத்துக்கொண்டு எவரும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய் நிற்பதில்லை. இடம் பொருளைத் தீர்மானித்துவிடுகிறது.

சொல்லின் தகுதியைச் சோதிக்க, முன்கேட்பு பயன்படாமல் போன நிகழ்வுகளை விவரிக்க அது உதவுகிறதா என்று பார்த்தேன். 2009 பிப்ரவரியில் நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ், தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேனின் யாம நிகழ்ச்சிக்கு வந்து, ஒற்றைச் சொல் விடைகளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் பேசாமல் அமர்ந்திருந்தார். எதைத் தொட்டாலும் கதை எழவில்லை. லெட்டர்மேன் தம் சொந்தக் கேலியைக் கொண்டே பகுதியை ஓட்ட வேண்டியதாயிற்று. “முன்கேட்புக் குறிப்புகள் கைவிட்டுவிட்டன” என்று ஒரே வரியில் இதை எழுதிவிடலாம். 1995 ஜூலை 10 அன்று நடிகர் ஹியூ கிராண்ட் லீனோவிடம் வந்தது இதற்கு நேர்மாறு. சில நாள் முன்பு அவர் கைதான செய்தி எங்கும் பரவியிருந்ததால், முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பது பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அங்கே முன்கேட்புக்கு வேலையே இல்லை.

இன்னொரு வகை விருந்தினரும் உண்டு. 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் ‘தி டுநைட் ஷோ’வை நடத்திய ஜானி கார்சன், நின்று பேசி முடித்த நகைச்சுவையாளரைத் தமக்குப் பிடித்திருந்தால் மட்டும் பக்கத்து இருக்கைக்கு அழைப்பார். பிடிக்கவில்லையென்றால் கைதட்டலோடு சரி. 1986இல் எலன் டிஜெனரஸ் தம் முதல் வருகையிலேயே அப்படி அழைக்கப்பட்ட முதல் பெண் நகைச்சுவையாளர் ஆனார். அந்த அழைப்பு ஒருவருடைய தொழில்வாழ்வையே மாற்றக்கூடியதாக இருந்தது. இதற்கு ‘இருக்கையழைப்பு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். வேறு நல்ல சொல் வந்தால் விட்டுவிடவும் அணியமாக இருக்கிறேன்.

கார்சன் காலத்து இருக்கை வரிசை மற்றொரு சொல்லிணையையும் தருகிறது. புதியவர் வரும்போது முந்தியவர் எழுந்து போவதில்லை. ஓரிடம் தள்ளி அமர்ந்துகொள்வார். வள்ளுவர் தந்த ‘செல்விருந்து’, ‘வருவிருந்து’ என்ற இரண்டையும் இங்கே அப்படியே எடுத்தாளலாம். பேசி முடித்தவர் செல்விருந்து, திரைக்குப் பின்னால் நிற்பவர் வருவிருந்து. இந்த வழியில் இன்னும் ஓரடி போய்த் தொகுப்பாளரை ‘விருந்தோம்பி’ என்று அழைக்கும் ஆசை எனக்கும் வந்தது. ஆனால் ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிரை ஓம்புயிரி என்று உயிரியலார் ஏற்கெனவே அழைத்துவருகிறார்கள். அந்த நிழல் விழாமல் இருக்கத் ‘தொகுப்பாளர்’ என்பதையே வைத்துக்கொள்வோம். விருந்தினர் மேடையேறும் முன் காத்திருக்கும் இடம் ‘பச்சை அறை’ என்று பட்டியலில் இருப்பதை ‘விருந்தினர் அறை’ என்று மாற்றினால் போதும்.

ஒன்றுக்கு மட்டும் என்னிடம் சொல் இல்லை. முன்கேட்பும் முடிந்து, ஒப்பனையும் இட்டு அறையில் காத்திருக்கும் விருந்தினரை, நேரம் போதாமல் திருப்பி அனுப்பிவிடுவது உண்டு. ஆங்கிலத்தில் அவரை முட்டித் தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். ஏபிசி தொலைக்காட்சியில் 2003 முதல் நிகழ்ச்சி நடத்தும் ஜிம்மி கிம்மல், நடிகர் மாட் டேமனுக்கு இன்று நேரமில்லாமல் போய்விட்டது என்று நிகழ்ச்சியின் முடிவில் மன்னிப்புக் கேட்பதை நெடுநாளைய நகைச்சுவையாகவே ஆக்கிவிட்டார். ‘விடுபட்டவர்’ என்றால் மறதியால் நேர்ந்ததுபோல் ஆகிறது. ‘தவிர்க்கப்பட்டவர்’ என்றால் வேண்டுமென்றே செய்ததுபோல் ஆகிறது. நேரம் மட்டுமே குற்றவாளி என்பதைக் காட்டும் சொல் யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே தெரிவியுங்கள்.

அன்புடன்.