ஷோஸ்டகோவிச்சின் செல்லோ சொனாட்டா: கேட்டவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

சோவியத் காலத்துச் செல்லோ-பியானோ இசையை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிப் பேசப் போகிறேன், அதில் ஒரு சிக்கல். சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் செல்லோவுக்கும் பியானோவுக்குமான இந்த சொனாட்டாவை (பல பகுதிகள் கொண்ட இசைப் படைப்பு) எழுதியது 1934இல். கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழான பிராவ்தா அவரது ஓபராவை (இசை நாடகத்தை)க் கிழித்துத் தொங்கவிட்டது 1936 ஜனவரியில், அதுவும் இதே சொனாட்டாவை வாசிக்க அவர் வடக்கு ரஷ்ய நகரமான ஆர்க்காங்கெல்ஸ்க் போயிருந்த நேரத்தில். அப்படியென்றால் இரண்டாம் பகுதியில் செல்லோ ஒரே சுரக்கோவையை விடாமல் இழுத்துக்கொண்டிருக்க, மேலே பியானோ கணீரென்று அடிக்கிறதே, அதை சோவியத் அரசுக்கான எதிர்ப்பு என்பது பின்னாளில் நாம் ஏற்றிய அர்த்தம்தானா? எனக்கு அப்படித்தான் படுகிறது. 1948இல் கட்சி இசையமைப்பாளர்களைக் கண்டித்த பிறகு, அதில் சிக்கிய புரோகோஃபியெவ் எழுதிய செல்லோ சொனாட்டா இன்னும் குழப்புகிறது, அவ்வளவு சாந்தம்! அப்புறம், ஷோஸ்டகோவிச்சே பியானோ வாசித்த பதிவுகளில் செல்லோ கலைஞர்கள் ரோஸ்ட்ரோபோவிச்சுடனா, ஷாஃப்ரானுடனா, முதலில் எதைப் போடலாம்? பின்னாளைய சோவியத் இசையமைப்பாளர் ஷ்னிட்கேயின் 1978 செல்லோ சொனாட்டாவையும் சேர்த்தால் புதியவர்கள் ஓடிவிடுவார்களா? செல்லோ வாசிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.