295 ஓட்டு வாங்கிய கட்சிக்கு எதற்கு இத்தனை காவல்?

ஆவணப்பூச்சி:
அயர்லாந்தின் 1951 பொதுத் தேர்தலில் டப்ளின் தென்மேற்குத் தொகுதியில் மைக்கேல் ஓ'ரியோர்டன் நின்றார். ஸ்பெயினில் ஃபிராங்கோவை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பி, பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர். கட்சி ஐரிஷ் தொழிலாளர் கழகம், அதாவது கம்யூனிஸ்டுகள். விழுந்த ஓட்டு 295. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் கத்தோலிக்கராக இருந்த அந்த நாட்டில் இந்தக் கைப்பிடி ஆட்களைக் கவனிக்க டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மெக்வெய்ட் தனியாக ஒரு கண்காணிப்புக் குழு வைத்திருந்தார். 1940 முதல் 1972 வரை பதவியில் இருந்தவர். மறைமாவட்டக் காப்பகத்தை 1990களின் பின்பகுதியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தபோதுதான் அந்தக் கண்காணிப்பின் நீள அகலம் வெளியே தெரிந்தது. கம்யூனிசம் என்பது அவருக்கு ஒரு சாக்கு. பங்குத்தந்தையின் கையில் இல்லாத எந்த அமைப்பும் ஆகாது, அவ்வளவுதான் விஷயம்.

வேம்பார் ஜெரோம்:
எழுபது வருஷம் கழித்து உட்கார்ந்து பேசுவது சுலபம், நண்பரே. அந்தக் காலத்து ஐரிஷ் கத்தோலிக்கர்கள் செய்தித்தாளில் எதைப் படித்தார்கள் என்று பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குருக்களும் துறவிகளுமாக ஆறாயிரத்துக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1946ல் கம்யூனிஸ்ட் யூகோஸ்லாவியாவில் பேராயர் ஸ்டெபினாட்ஸுக்கு 16 வருஷத் தண்டனை. 1949 பிப்ரவரியில் ஹங்கேரியில் கர்தினால் மிண்ட்சென்டிக்கு ஆயுள். அதைக் கண்டித்து அந்த மே முதல் தேதி டப்ளின் ஓ'கானல் வீதியில் ஒரு லட்சத்துக்கும் மேலே கூடினார்கள். அத்தனை பேரையும் பேராயர் காதைப் பிடித்தா இழுத்து வந்தார்? காவல்துறையின் சிறப்புப் பிரிவும் இந்தக் கம்யூனிஸ்டுகளின் பின்னால்தான் சுற்றியது. அதைப் பற்றி மூச்சு விடக் காணோம்!

ஆவணப்பூச்சி:
ஹங்கேரி அச்சம் உண்மை, மறுக்கவில்லை. அந்த அச்சம் டப்ளினில் யார் தலையில் விடிந்தது என்பதே என் கேள்வி. பாலிஃபெர்மட் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த தொழிலாளர் குடியிருப்பு, கடை கண்ணி குறைவு. அங்கே சிலர் கூட்டுறவுப் பண்டகசாலை நடத்தினார்கள். 1950களின் தொடக்கத்தில், இது கம்யூனிஸ்ட் கடை என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லியாயிற்று. சரக்கு வாங்க வந்த பெண்கள் நின்றுபோனார்கள், கடை மூடப்பட்டது. அங்கே ஹங்கேரி எங்கிருந்து வந்தது?

அடுத்தது 1957. வேலையில்லாதோர் எதிர்ப்புக் குழு சார்பில் ஜாக் மர்ஃபி என்ற கட்டடத் தொழிலாளி டப்ளின் தென்மத்தியில் ஜெயித்து நாடாளுமன்றம் போகிறார். அந்த மே மாதம் உணவு மானியத்தை அரசு நிறுத்தியதும் அவரும் இன்னும் இருவரும் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். குழுவின் முன்னணியில் கம்யூனிஸ்டுகள் சிலர் இருந்தது உண்மை. பிறகு மர்ஃபி மெக்வெய்டைச் சந்திக்கிறார், குழுவோடு உறவை முறிக்கிறார். 1958ல் பதவியையே விட்டுவிட்டுக் கடைசியில் கனடாவுக்குக் கப்பலேறினார். அந்தப் பத்தாண்டில் நாலு லட்சம் பேர் அளவுக்கு நாட்டை விட்டு வெளியேறினார்கள். கவனிக்க வேண்டியது அதையல்லவா?

கீழ்வானம்:
இதன் வேர் 1930களில் இருக்கிறது, தோழர்களே. 1931 அக்டோபரில் ஆயர்கள் கூட்டாக மடல் எழுதி 'சேர் ஏர' என்ற இடதுசாரி அமைப்பைக் கண்டித்தார்கள். 1933 மார்ச்சில் டப்ளினில் கம்யூனிஸ்டுகள் இருந்த கானலி இல்லத்தை ஒரு கும்பல் ஞானப்பாட்டு பாடிக்கொண்டே தாக்கித் தீ வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லீட்ரிம் மாவட்டத்து ஜிம்மி கிரால்டனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். அயர்லாந்தில் பிறந்தவர், ஊரில் நடனக்கூடம் நடத்தியவர். பங்குத்தந்தைக்கு அந்தக் கூடம் பிடிக்கவில்லை. 2016ல் குடியரசுத் தலைவர் ஹிகின்ஸ் அங்கேயே போய் மன்னிப்புக் கேட்டார்.

வேம்பார் ஜெரோம்:
1933ல் மெக்வெய்ட் பேராயரே இல்லை. நாடு கடத்திய உத்தரவு டி வலேரா அரசு போட்டது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

மணிமாலை:
சண்டைக்கு நடுவே கால்பந்துக் கதையை யாரும் தொடவில்லையே! 1955 அக்டோபர் 19, டப்ளினின் டாலிமவுண்ட் பார்க் மைதானம், அயர்லாந்துக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் ஆட்டம். ஸ்டெபினாட்ஸைச் சிறை வைத்தவர்களோடு விளையாட்டா என்று பேராயர் எதிர்ப்புத் தெரிவித்தார். குடியரசுத் தலைவர் வரவில்லை, ராணுவ பேண்டு வரவில்லை. வானொலி வர்ணனையாளர் ஃபிலிப் கிரீன் மைக்கைத் தொடவில்லை. இருந்தும் இருபதாயிரத்துக்கு மேல் ஜனம் போய் உட்கார்ந்தது. 4-1 என்று தோற்றோம். (நான் ஐரிஷ்காரி இல்லை, சும்மா ஒரு பாசம்.)

வேம்பார் ஜெரோம்:
நன்றி தங்கச்சி, என் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பேராயர் கண் காட்டினால் ஊரே நடுங்கியது என்றால் இருபதாயிரம் பேர் எப்படி டிக்கெட் வாங்கினார்கள்? அவருடைய மறுபக்கத்தையும் சொல்கிறேன். 1941ல் கத்தோலிக்க சமூக சேவை அமைப்பைத் தொடங்கி, போர்க்காலத்தில் டப்ளின் ஏழைகளுக்குச் சாப்பாடு போட வைத்தவர். 1946 ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் அரசுக்கு எதிராக ஆசிரியர்கள் பக்கம் நின்றவர். தொழிலாளி என்றாலே சிவப்பு என்று பார்த்தவர் அல்ல.

ஆவணப்பூச்சி:
சாப்பாடு போட்டதற்குக் கும்பிடு. நாமே கூடிச் சமைத்துக்கொள்கிறோம் என்றால் மட்டும் சந்தேகம், அதைத்தான் சொல்கிறேன். கால்பந்து ஆட்டத்துக்கு ஒரு புதன்கிழமை போய்விட்டு வந்துவிடலாம். பாலிஃபெர்மட்டில் அதே தெருவில் தினமும் குடியிருக்க வேண்டுமே.

கீழ்வானம்:
குருமாரை மட்டும் சொல்லியும் பயனில்லை. 1944ல் தொழிற்கட்சி உடைந்ததே, உள்ளே அது தொழிற்சங்கத் தலைவர்கள் ஓ'பிரையனுக்கும் லார்கினுக்கும் இருந்த பழைய பகை. வெளியே சொன்ன காரணம் கம்யூனிஸ்ட் ஊடுருவல். பேராசிரியர் ஆல்ஃபிரட் ஓ'ரஹிலி 'ஸ்டாண்டர்டு' கத்தோலிக்க வார ஏட்டில் தொடர் எழுதி அதற்கு எண்ணெய் ஊற்றினார். அந்தப் பட்டம் யார் கைக்கும் வசதியான தடி.

வேம்பார் ஜெரோம்:
இதற்குப் பதில் சொல்லுங்கள். தந்தை டெனிஸ் ஃபேஹி, மெக்வெய்ட் இருந்த அதே தூய ஆவி சபைக்காரர். 'மரியா டூச்சே' என்று இயக்கம் நடத்தினார். அவர்களுக்கு உலகமே கம்யூனிஸ்ட் சதி. 1951ல் அமெரிக்க நடிகர் ஆர்சன் வெல்ஸ் டப்ளின் நாடக அரங்குக்கு வந்தபோது, அந்த வட்டத்து ஆட்கள்தான் அவரை ஸ்டாலினின் ஆள் என்று தட்டி பிடித்தார்கள். அவர்களை வளரவிடாமல், இயக்கத்தின் பெயரிலிருந்து மரியாளின் பெயரையே நீக்கச் சொன்னவர் மெக்வெய்ட். கம்யூனிச வெறுப்பு சாக்கு என்றால், அந்த வெறுப்பு முற்றியவர்களை ஏன் அடக்கினார்?

ஆவணப்பூச்சி:
அவர்களும் அவர் கையில் இல்லை என்பதால். இதைவிட நல்ல சான்று நானே தேடியிருக்க மாட்டேன்.

வேம்பார் ஜெரோம்:
இடதுசாரியைக் கவனித்தாலும் குற்றம், வலதுசாரியை அடக்கினாலும் அதே குற்றமா? எந்தச் சான்று வந்தால் உங்கள் கருத்து பொய்யாகும் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

ஆவணப்பூச்சி:
சொல்கிறேன். பங்குத்தந்தை தலைமை இல்லாமல், பாமரர்கள் தாங்களாகவே தொடங்கிய ஒரு தொழிலாளர் அமைப்பை அவர் சந்தேகமில்லாமல் விட்டுவைத்த ஒரே ஒரு கோப்பு போதும். ஆசிரியர் சங்கத்தைக் காட்டாதீர்கள். அந்தப் பள்ளிகளின் மேலாளர்களே பங்குத்தந்தைகள்தான்.