மணி சொன்னால் ‘ஹேவ்’ வராது: பிரசென்ட் பெர்ஃபெக்டோடு உங்கள் அனுபவங்கள்

இங்கிலாந்தில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். டியூட்டி மாறும்போது கொடுக்கும் ஹேண்டோவரில்தான், ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ போட்டுச் சொல்லும் இந்த ஆங்கில வினைக்காலம் எதற்கென்று எனக்கு முழுசாகப் புரிந்தது.

‘ஹீ ஹேஸ் ஹேட் ஹிஸ் பாராசிட்டமால்’ என்றால் மருந்து உள்ளே போயாச்சு, இப்போது இன்னொரு தடவை கொடுத்துவிடாதே என்று அர்த்தம். உடனே ‘எப்போது?’ என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் விட வேண்டுமே! அதற்குப் பதில் ‘ஹீ ஹேட் இட் அட் சிக்ஸ்.’ மணியைச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ்’ வராது. முதல் வாக்கியம் நோயாளியின் இப்போதைய நிலை. இரண்டாவது, நடந்து முடிந்த சம்பவம். ஹேண்டோவரில் இரண்டுமே வேண்டும்.

இன்னொன்றையும் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளி ஒருவரின் மகள் போன் செய்தபோது, சேர்ந்து சில நாளே ஆன ஒரு பெண் ‘ஹீ ஹேஸ் கான்’ என்று சொல்லி, அடுத்த வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டார். எக்ஸ்ரேவுக்குப் போயிருக்கிறார் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. நம் ஊரில் ‘போயிட்டார்’ என்று சொல்லி நிறுத்தினால் எப்படிக் கேட்குமோ அப்படியேதான் அந்த மகளுக்கும் கேட்டது. மறுமுனையில் அழுகை. மூத்த சிஸ்டர் போனை வாங்கிச் சமாதானப்படுத்தினார். அங்கே போயிருக்கிறார் என்றால் ‘ஹேஸ் கான் ஃபார் அன் எக்ஸ்ரே’ என்று முழுதாகச் சொல்லுங்கள். போய்த் திரும்பிவிட்டார் என்றால் ‘ஹேஸ் பீன்’.

*

அக்கா, எனக்கு நேர்காணல் பயிற்சி கொடுப்பதுதான் வேலை. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ என்று எல்லா பேட்சிலும் கேட்கிறேன். தமிழில் ‘2019லேருந்து வேலை பார்க்கிறேன்’ என்று நிகழ்காலமே போதும், அந்தப் பழக்கம். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று மாற்றிப் பழக்குகிறேன்.

ஆனால் அதைப் பழகிய ஒரு பையன், ரிலீவிங் லெட்டர் வாங்கி வெளியே வந்துவிட்ட கம்பெனியைப் பற்றியும் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றே சொல்லியிருக்கிறான். இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறான் என்று நினைத்து, நேர்காணல் செய்தவர் ‘நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?’ என்றாராம். இவனுக்கு ஏன் அந்தக் கேள்வி என்றே புரியவில்லை. விட்டு வந்த வேலைக்கு ‘ஐ வொர்க்ட் தேர்’ போதும்.

‘நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்’ என்பதை ‘ஐ ஹேட் கான்’ ஆக்குவதும் இதே மாதிரிதான். ‘ஐ வென்ட் டு மதுரை யெஸ்டர்டே’ என்றாலே சரி.

*

நான் அமெரிக்க கிளையண்ட்டுகளோடு பேசுகிறவள். ‘டிட் யூ ஈட் யெட்?’, ‘ஐ ஆல்ரெடி சென்ட் இட்’ என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, இலக்கணம் தெரியாமல் பேசுகிறார்கள் என்று எங்கள் டீமில் ஒருவர் வாதாடினார். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் வழக்கம், அதில் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்றுதான் கேட்போம். ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ வரும் இடங்களில் அமெரிக்கப் பேச்சில் சாதாரண இறந்தகாலமும் சரிதான். மெயிலில் நான் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்’ என்றே எழுதுகிறேன், அவர்களுக்கும் அது இயல்பாகவே படுகிறது.