சகேயு கணக்கைத் தீர்த்தது எப்போது?

செந்தூல் சீடன்:
போன ஞாயிறு எங்கள் சபையில் ஒருவர் சாட்சி சொன்னார். "என் பழைய கணக்கையெல்லாம் இயேசு சிலுவையில் தீர்த்துவிட்டார், நான் புதுச்சிருஷ்டி" என்றார். சபையே அல்லேலூயா போட்டது. எனக்கு வாய் வரவில்லை. அவர் பிடித்த சீட்டில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். லூக்கா 19ஐ எடுத்துப் பாருங்கள். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை என்று வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு சொல்வது 8ஆம் வசனத்தில். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொல்வது 9ஆம் வசனத்தில். எட்டுக்குப் பிறகுதான் ஒன்பது. பணத்தைத் திருப்பாதவன் இரட்சிக்கப்படவில்லை.

பூச்சோங் ஊழியன்:
பிரதர், எபேசியர் 2:9 உங்கள் வேதாகமத்தில் கிழிந்துவிட்டதா? "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல." அந்தச் சகோதரரை எனக்குத் தெரியும். குடியை விட்டார், விடியற்காலை ஜெபத்துக்கு முதல் ஆளாக வருகிறார். புது ஜீவன் என்பது இதுதான். 8ஐப் பிடித்துத் தொங்குகிறீர்களே, 5ஆம் வசனம்? "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று ஆண்டவர் சொன்னபோது சகேயு ஒரு காசும் கொடுக்கவில்லை.

செந்தூல் சீடன்:
5இல் வந்தது விருந்தாளி. 9இல் வந்ததுதான் இரட்சிப்பு. குடியை விட்டது அவர் ஈரலுக்கு நல்லது, சந்தோஷம். பணம் போட்டவர்களுக்கு அதில் என்ன லாபம்?

பட்டர்வொர்த் அக்கா:
சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான் தம்பி? அவனுக்கு அன்றைக்கே பேரின்ப வீடு கிடைத்ததே.

செந்தூல் சீடன்:
அவன் கையில் ஆணி இருந்தது அக்கா. இவர் கையில் புது மைவி கார் ஸ்டியரிங் இருக்கிறது.

பட்டர்வொர்த் அக்கா:
கோபப்படாமல் கேளுங்கள். நான் உங்கள் பக்கம்தான் பேச வந்தேன். எங்கள் கத்தோலிக்கச் சபையில் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, செய்தால், திருடியதைத் திருப்பிக் கொடு என்று சாமியார் கட்டாயம் சொல்வார். மேடை ஏறி மைக் பிடித்ததோடு முடியாது.

பூச்சோங் ஊழியன்:
ஓகோ. அப்புறம் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் கோவிலுக்குப் போய் புனித அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால் மிச்சக் கணக்கும் முடிந்துவிடும், இல்லையா?

பட்டர்வொர்த் அக்கா:
மெழுகுவர்த்தியைத் தொட்டுப் பேச வேண்டாம். ஜூலை 26 திருநாளைச் சுற்றி அங்கே வருகிற கூட்டத்தில் உங்கள் சபை ஆட்கள் எத்தனை பேரை நானே பார்த்திருக்கிறேன். தொப்பி போட்டு மறைத்தால் தெரியாதா?

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன்:
நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவி கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவது பற்றி லுத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் அவுக்ஸ்பூர்க் நகரில் கூட்டறிக்கையே கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். கிருபையால்தான் மீட்பு, அதன் கனியாகத்தான் நற்செயல் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட விஷயம் இது. அது இருக்கட்டும், நீங்கள் எல்லாரும் இரட்சிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? பாவமன்னிப்பையா, அதற்குப் பிறகு கிறிஸ்துவுக்கென்று வாழ்கிற வாழ்க்கையையா? முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

செந்தூல் சீடன்:
அறிக்கையில் சீட்டுப் பணம் பற்றி ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் மடித்து வையுங்கள். விசுவாசம் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும், யாக்கோபு 2:17. எட்டுக்குப் பிறகுதான் ஒன்பது.

பூச்சோங் ஊழியன்:
யாக்கோபு நிருபத்தை 1522இல் லூத்தரே வைக்கோல் என்று எழுதினார்.

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன்:
பிந்திய பதிப்புகளில் அந்த வரியை அவரே எடுத்துவிட்டார். பாதியைப் படித்துவிட்டு எங்கள் ஆளை இழுக்காதீர்கள்.

பூச்சோங் ஊழியன்:
சரி, சகேயுவுக்கே வருகிறேன். எண்ணாகமம் 5:7இன்படி, தவறை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி அடித்தவன் அல்லது விற்றவன்தான் நாலு ஆடு கொடுக்க வேண்டும், யாத்திராகமம் 22:1. சகேயு யாரும் கேட்காமலே நாலு மடங்குக்குப் போனான் என்றால், உள்ளே ஏற்கெனவே ஏதோ நடந்துவிட்டது. 6ஆம் வசனத்திலேயே சந்தோஷத்தோடு அவரை அழைத்துக்கொண்டு போகிறான். மேலும், அவன் கொடுத்து முடித்ததாக லூக்கா எங்கேயும் எழுதவில்லை!

செந்தூல் சீடன்:
நாலு மடங்கு வேண்டாம் பிரதர். ஐந்தில் ஒரு பங்கும் வேண்டாம். அசல்? சகேயு கொடுக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லவாவது செய்தான். நம்ம ஆள் இருபது நிமிடம் பேசினார், ஒரு வெள்ளி என்ற சொல்கூட வரவில்லை.

கிள்ளான் தோட்டத்துப் பையன்:
பிலேமோன் 18, 19 பாருங்கள். உம்முடைய அடிமை ஒநேசிமு கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வையும், நானே செலுத்துவேன் என்று பிலேமோனுக்குப் பவுல் எழுதுகிறார். மனந்திரும்பினவனுடைய கடனும் கடன்தான். யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.

செந்தூல் சீடன்:
அருமை! அப்படியானால் அவருக்காகப் பரிந்து பேசுகிற ஊழியக்காரரே செலுத்தட்டும். வங்கிக் கணக்கு எண் அனுப்பி வைக்கட்டுமா?

பூச்சோங் ஊழியன்:
இப்போது புரிகிறது. உங்களுக்கு வேத வசனமும் இல்லை, சகேயுவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்கு உங்களைத் தலைவராகப் போடவில்லை என்ற வயிற்றெரிச்சல். அன்றிலிருந்து எங்கள் சபை ஆள் எதைச் சொன்னாலும் உங்களுக்குக் குற்றம்தான்.

செந்தூல் சீடன்:
கேரல் ரவுண்டா? வேன் வாடகை கொடுத்தது யார், கிதார் வாசித்தது யார்? வசூல் பணத்துக்கு இன்றுவரை கணக்குக் காட்டாதது யார்? பேச்சை மாற்றாதீர்கள். 8, 9.

பூச்சோங் ஊழியன்:
5, 6.

பட்டர்வொர்த் அக்கா:
மெழுகுவர்த்தி பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் லுத்தரன்:
என் கேள்விக்கும்தான்.

செந்தூல் சீடன்:
கேரல் வசூலை யார் வைத்திருந்தது என்று இங்கேயே சொல்லட்டுமா, வேண்டாமா?

பூச்சோங் ஊழியன்:
சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அழித்த மெசேஜ் எல்லாம் என்னிடம் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கிறது.