கிரைம் நிருபர் மர்ம நாவல் எழுதலாமா? நெல்லையில் அது நடக்கிற காரியமா?

குறுக்குத்துறை:
ஒரு நாளிதழின் நெல்லைப் பதிப்பில் கிரைம் பார்க்கிறேன். ராத்திரியில் மர்ம நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்ணார்பேட்டை டீக்கடையில் மூத்த பத்திரிகையாளர் ஒருவர் சொன்னார்: "ரெண்டில் ஒன்றை விடு. கதை கட்டுகிறவள் கொடுக்கிற செய்தியை எவன் நம்புவான்?" எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நம்ம ஊர்க் கொலையை எழுத நிருபரை விட்டால் ஆள் யார்?

ஒரு உதாரணம். குறுக்குத்துறையில் உடலை ஆற்றில் போட்டால் அது கடலுக்குப் போய்விடாது. தாமிரபரணியில் 8 அணைக்கட்டு இருக்கிறது. ஊருக்கு மேலே சுத்தமல்லி, கீழே மருதூர், அப்புறம் ஸ்ரீவைகுண்டம். வழியில் அமலைச்செடியில் (ஆகாயத்தாமரை) சிக்காமல் தப்பினால், வெள்ளமில்லாத நாளில் மருதூரில் தட்டி நிற்கும். அது தூத்துக்குடி மாவட்டம். ஆளைக் காணவில்லை என்ற புகார் நெல்லையில் இருக்கும், அடையாளம் தெரியாத ஆண் சடலம் என்ற வழக்கு அங்கே இருக்கும். இரண்டையும் ஒருத்தர் சேர்த்துப் பார்க்கும் வரைக்கும்தான் கொலைகாரனுக்கு அவகாசம். என் நாவலின் முடிச்சே அந்த அவகாசம்தான்.

பழைய டெஸ்க்:
அந்த டீக்கடை ஆள் நான் இல்லை தங்கச்சி. ஆனால் நானும் அவர் கட்சிதான். மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி திருத்தியே தலை நரைத்தவன்.

அணைக்கட்டு விஷயம் ஆற்றில் குளிக்கிற எல்லாருக்கும் தெரியும். அதற்கு பிரஸ் கார்டு வேண்டாம். நிருபரிடம் இருக்கிற சரக்கே வேறு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலை எடுத்துக்கொள். குற்றவாளியைப் பிடிக்கிற வரை உடலை வாங்க மாட்டோம் என்று சொந்தக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து பேசுவார்கள், போவார்கள், மறுபடி வருவார்கள். அந்த நேரத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் உன்னிடம் வாய் திறக்கிறாள். செத்தவனுக்கு யாரிடம் கடன், எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை, கடைசியாக யார் போன் செய்தது, எல்லாம் சொல்லுகிறாள். பத்திரிகையில் வந்தால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிச் சொன்னது அது. அதை நீ மூன்றாவது அத்தியாயத்தில் திருப்பமாக வைத்தால், அதற்குப் பெயர் என்ன?

கல்லிடை அப்பளம்:
அண்ணாச்சி, பத்திரிகை வேலையும் கதையும் சேராது என்றால் புதுமைப்பித்தனை எங்கே வைப்பீர்கள்? தினமணியில் வேலை பார்த்தவர்தானே? தமிழ்வாணன் கல்கண்டு ஆசிரியராக இருந்துகொண்டே துப்பறியும் கதைகளாக எழுதித் தள்ளினார். வெளிநாட்டுக்குப் போனால் மைக்கேல் கானலி. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் கிரைம் நிருபராக இருக்கும்போதே 1992-ல் முதல் நாவல் வந்துவிட்டது. சில நாவல்களுக்குப் பிறகுதான் வேலையை விட்டார். அங்கே யாரும் செய்தியை நம்பாமல் போகவில்லையே.

பழைய டெஸ்க்:
புதுமைப்பித்தன் சென்னையில் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். பாளையங்கோட்டை ஸ்டேஷன் வாசலில் நின்று செய்தி எடுக்கவில்லை. தமிழ்வாணனும் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர்தான். இவர்களை நம்பி ரகசியம் சொன்ன ரைட்டர் ஏட்டு (ஸ்டேஷனில் வழக்கு எழுதுகிற ஏட்டு) யாரும் கிடையாது. கானலி உதாரணம் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் எவ்வளவு பெரிய ஊர்! அங்கே ஒரு கொலையை மாற்றி எழுதினால் எந்தக் கொலை என்று யாருக்குத் தெரியும்? இங்கே மேலப்பாளையத்தில் ஒருத்தர் தும்மினால் பேட்டையில் காரணம் சொல்லுவார்கள் வே.

மானூர் தம்பி:
நம்பகத்தன்மை எல்லாம் இருக்கட்டும், எழுத நேரம் எங்கே இருக்கு? 1955-ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தில் 4 வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் வேலை பார்த்த இடத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். பக்கத்தை முடித்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கங்கைகொண்டான் பக்கம் லாரி மோதியது என்று போன் வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த வாரம் நிருபர்களில் எவர் நாவல் எழுதியிருப்பார்? காயாத சட்டையோடுதான் சுற்றினோம்.

குறுக்குத்துறை:
நீ சொல்லுகிற அதே வாரத்தில்தான் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. சுற்றிலும் தண்ணீர், தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள். யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. மர்மக் கதைக்கு இதைவிட நல்ல களம் யாராவது கற்பனை செய்ய முடியுமா? எழுதுகிறவருக்கு அந்த வாரம் வீண் இல்லை தம்பி. கை எழுதாவிட்டாலும் மண்டை எழுதிக்கொண்டுதான் இருக்கும்.

டெஸ்க் அண்ணாச்சிக்கு: அந்தப் பெண் சொன்னதை நான் கதையில் வைக்க மாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரி உட்காராமல் நின்றுகொண்டே பேசினால் கூட்டம் முரண்டு பிடிக்கிறது, தரையில் உட்கார்ந்தால் குரல் இறங்குகிறது. இதை வைப்பேன். இது யாருடைய ரகசியமும் இல்லை.

சந்திப்பு வக்கீல்:
சட்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி எதை அச்சிட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. பத்திரிகைக்கு மட்டும் என்று அதில் இல்லை, நாவலும் அச்சுதான். பெயரை மாற்றிவிட்டு ஊர், தெரு, பள்ளிக்கூடம் மூன்றையும் அப்படியே விட்டால் மாற்றியதாகவே அர்த்தமில்லை. "பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே" என்று முதல் பக்கத்தில் போடுவதைக் கவசம் என்று நினைக்காதீர்கள். கோர்ட்டில் அது ஒரு வரி, அவ்வளவுதான்.

அப்புறம், 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கிற கதையில் சந்தேக மரணத்தைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று எழுதாதீர்கள். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 194. ஸ்டேஷனில் வாய்ப்பழக்கத்தில் இன்னும் 174 என்று சொல்லுவார்கள். அதனால் ஏட்டு வாயில் 174, எஃப்.ஐ.ஆரில் 194 என்று போட்டால் வாசிக்கிற போலீஸ்காரருக்கும் பிடிக்கும்.

குறுக்குத்துறை:
நன்றி சார், என் முதல் அத்தியாயத்தில் இரண்டு இடத்திலும் 194 இருக்கிறது, ஏட்டு வாயை மட்டும் மாற்றிவிடுகிறேன்.

நிஜமான சிக்கலை இன்னும் யாரும் தொடவில்லை. பெயர். செய்தியில் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். நாவலில் ஒவ்வொரு தரப்புக்கும் பெயர் வேண்டும், அப்பா வேண்டும், தெரு வேண்டும், கும்பிடுகிற சாமி வேண்டும். இந்த நான்கையும் கொடுத்தால் நம் பக்கத்தில் சாதி தெரிந்துவிடும். கொலைகாரன் எந்தத் தெரு என்று தெரிந்த பிறகு அது மர்ம நாவலாக வாசிக்கப்படாது, ஒரு தரப்பின் குற்றப்பத்திரிகையாகத்தான் வாசிக்கப்படும். இசக்கி, சுடலை மாதிரி பல தரப்பும் வைக்கிற பெயர்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இங்கே பழிக்குப் பழி கொலை நடந்தால் யார் செய்தது என்பது மர்மமே இல்லை. சில நாளில் எங்கோ ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சரண் ஆகிவிடுவார்கள். சரண் ஆனவன்தான் வெட்டினானா என்பதுதான் மர்மம். கோர்ட் வராந்தாவில் நின்று அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். அண்ணாச்சி இதற்கு என்ன சொல்லுகிறார்?

பழைய டெஸ்க்:
அதற்கு நான் சொல்லுவது: அந்தக் கேள்வி உனக்கு வந்திருந்தால் அதைச் செய்தியாக எழுது. சரண் ஆனவன் வேறு ஆள் என்ற சந்தேகம் இருக்கும்போது அதை நாவலுக்கு எடுத்து வைப்பது நிருபர் செய்கிற வேலையா? உள்ளே இருக்கிற பையனுக்கு உன் நாவலால் என்ன பிரயோஜனம்?

கல்லிடை அப்பளம்:
இது சரியான அடி. ஆனால் ஆதாரமில்லாத சந்தேகத்தைச் செய்தியாகக் கொண்டுவந்தால் டெஸ்க்கில் முதலில் வெட்டுகிறவர் நீங்கள்தானே அண்ணாச்சி?

வேறு வழி சொல்லுகிறேன். பழைய காலத்துக்குப் போய்விடுங்கள் அக்கா. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன், கலெக்டர் ஆஷ் கொலை. ரயில் பெட்டி, துப்பாக்கி, பின்னால் நெல்லை சதி வழக்கு. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை, ஸ்டேஷன் ரைட்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சந்திப்பு வக்கீல்:
செத்தவர் என்றால் வழக்கு வராது என்று யார் சொன்னது? குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு இறந்தவரைப் பற்றி எழுதினாலும் அவதூறு ஆகும். பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின் முதல் விளக்கமே அதுதான். தவிர, ஆஷ் நல்லவரா கெட்டவரா என்று இன்றைக்கும் சாதிவாரியாகச் சண்டை நடக்கிறது. நூறு வருஷம் தாண்டினால் பிரச்சினை ஆறிவிடும் என்பது நெல்லைக்குப் பொருந்தாது.

மானூர் தம்பி:
புனைபெயரில் போடலாமே அக்கா? கிண்டிலில் ஏற்றினால் முகமே காட்ட வேண்டாம்.

பழைய டெஸ்க்:
புனைபெயர் நெல்லையில் ஒரு வாரம் தாங்கும். புத்தகத் திருவிழாவில் யாராவது ஒருத்தர் "இது நம்ம கிரைம் பார்க்கிற பிள்ளை" என்று சொல்லிவிடுவார். ஒளித்து எழுதியது தெரிந்தால் ஆபீஸில் இன்னும் மோசம். நியமனக் கடிதத்தில் வெளியே எழுத அனுமதி வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா பார். இருந்தால் சொந்தப் பெயரிலேயே கேட்டு வாங்கு. இது ஆசீர்வாதம் இல்லை, என் கட்சி மாறவில்லை.

குறுக்குத்துறை:
அந்த வரி இருக்கிறது அண்ணாச்சி. திங்கட்கிழமை கடிதம் கொடுக்கிறேன். சரண் விஷயத்தில் நீங்கள் கேட்டது குத்துகிறது. நான் பார்த்த வழக்கு எதையும் நாவலில் தொடப் போவதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேள்விக்குமா அனுமதி வாங்க வேண்டும்?

பழைய டெஸ்க்:
பிணவறை வருகிற அத்தியாயத்தை மட்டும் எனக்கு அனுப்பு. யார் யார் தெரிகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுகிறேன்.

குறுக்குத்துறை:
அனுப்புகிறேன். ஆனால் வெட்டி பெட்டிச் செய்தி ஆக்கிவிடக் கூடாது.