காசிக்கு மூச்சு மெஷினும் வருகிறது

குழு: நம்ம வீடு, மதுரை

நவம்பர் 2, ஞாயிறு

[காலை 7:40] அப்பா: எல்லாருக்கும் காலை வணக்கம். காசி டிக்கெட் உறுதியாகிவிட்டது. டிசம்பர் 5 சாயங்காலம் சென்னையில் ரயில் ஏறுகிறோம். நான், அம்மா, பெரியப்பா, மூன்று பேர். ஏசி டூ டயர். திரும்பும்போது விமானம். மொத்தம் பத்து நாள்.

[காலை 7:52] அக்கா (சிங்கப்பூர்): ரொம்ப சந்தோஷம் அப்பா. தூங்கும்போது மூச்சு நிற்காமல் மாஸ்க் வழியாகக் காற்று தள்ளுகிற மூச்சு மெஷினை எப்படிக் கொண்டு போவீர்கள்?

[காலை 7:58] அப்பா: அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். மெஷின், தண்ணீர் டப்பா, குழாய், வயர் என்று அதுவே ஒரு மூட்டை. பத்து நாள்தானே.

[காலை 8:06] அம்மா: கோயம்புத்தூர் கல்யாணத்துக்கு ஒரே ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் போனோமே, மறந்துவிட்டீர்களா? மண்டபத்து ரூமில் உங்கள் குறட்டை திடீரென்று நிற்கும். நான் விழித்துக்கொண்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முப்பது வரை எண்ணியிருக்கிறேன். அப்புறம் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு மூச்சு வரும். விடிகிற வரை உங்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் முகூர்த்த நேரத்தில் நீங்கள் நாற்காலியிலேயே தூங்கிச் சாய்ந்தீர்கள்.

[காலை 8:07] அம்மா: மெஷின் வராவிட்டால் நானும் வரவில்லை.

[காலை 8:15] அக்கா (சிங்கப்பூர்): அப்பா, தூக்கப் பரிசோதனையில் உங்களுக்கு மணிக்கு 42 என்று வந்தது. மணிக்கு 42 தடவை மூச்சு நின்றது அல்லது நன்றாகக் குறைந்தது என்று அர்த்தம். 30-க்கு மேல் போனாலே கடுமையானது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அலைச்சலும் படி ஏறி இறங்குவதுமாக இருக்கும் பத்து நாளில் அது இல்லாமல் வேண்டாம்.

[காலை 8:21] அத்தான்: மாமா, பயணத்துக்கென்றே சின்ன மெஷின்கள் வந்திருக்கின்றன. வீட்டில் நீங்கள் வைத்திருக்கும் ஏர்சென்ஸ் 10 தண்ணீர் டப்பாவோடு ஒன்றேகால் கிலோ. அதே ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்மினி 300 கிராம்தான். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். பிஎம்சி எம்1 மினி என்று ஒன்று, ட்ரான்சென்ட் மைக்ரோ என்று இன்னொன்று. மைக்ரோ இன்னும் லேசு, கால் கிலோகூட வராது.

[காலை 8:30] நான்: அத்தான், எடையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நானும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன். மாஸ்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது. சாதாரண மெஷினில் எந்த மாஸ்க்கையும் மாட்டலாம், குழாயின் முனை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. ஏர்மினி அப்படி இல்லை. அந்தக் கம்பெனியின் குறிப்பிட்ட சில மாஸ்க்குகள் மட்டும்தான் அதில் சேரும், அதற்கும் தனி இணைப்பு வாங்க வேண்டும். அப்பா, உங்கள் மாஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

[காலை 8:44] அப்பா: படம் சரியாக விழவில்லை. நெற்றிப் பட்டைக்குக் கீழே ஏர்ஃபிட் எஃப்20 என்று இருக்கிறது. மூக்கு வாய் இரண்டையும் மூடுகிற மாதிரி.

[காலை 8:46] நான்: நல்லதாகப் போயிற்று. எஃப்20 ஏர்மினியில் சேரும். இணைப்பு மட்டும் வாங்கினால் போதும். இந்த மாஸ்க் பழக உங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அதை மாற்றச் சொல்லும் எந்த மெஷினும் நமக்கு வேண்டாம்.

[காலை 9:10] பெரியப்பா: நான் வைத்திருப்பது பைபாப். எனக்கும் இந்தச் சின்னது ஆகுமா?

[காலை 9:18] நான்: ஆகாது பெரியப்பா. உங்கள் மெஷின் மூச்சு இழுக்கும்போது ஒரு அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று இரண்டு கொடுக்கிறது. ஏர்மினியில் அந்த வசதி இல்லை. அளவைப் பார்த்து ஆசைப்பட்டு மாற்றக் கூடாது. நீங்கள் உங்கள் மெஷினையே கொண்டு வாருங்கள். காற்றுக்கு ஈரம் கொடுக்கிற தண்ணீர் டப்பாவைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தை மூட ஒரு மூடி வரும். அதைப் போட்டால் மெஷின் பாதியாகச் சுருங்கிவிடும். ஆனால் ஈரம் இல்லாமல் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டிலேயே நாலு ராத்திரி பார்த்துவிடுங்கள்.

[காலை 9:25] பெரியப்பா: சரிப்பா. ரயிலைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் டெல்லி போனபோது ராத்திரி பதினொன்றுக்கு மேல் பிளக்கில் கரண்ட் நின்றுவிட்டது. மாஸ்க்குக்குள் காற்று வராமல் திடுக்கென்று எழுந்தேன். எழுந்து உட்கார்ந்து விடியும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனேன்.

[காலை 9:29] நான்: அந்தச் செய்தி 2021 மார்ச்சிலேயே பேப்பரில் வந்தது பெரியப்பா. ரயிலில் தீ விபத்துகள் நடந்ததால் ராத்திரி 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைத்து வைப்பது என்று முடிவெடுத்தார்கள். எல்லா வண்டியிலும் அணைக்கிறார்களா என்று பந்தயம் கட்ட முடியாது. அணைப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு கிளம்புவோம். நமக்கு மெஷின் வேண்டிய நேரமே அந்த ஆறு மணி நேரம்தான்.

[காலை 9:33] அம்மா: என் போனுக்கு வாங்கின பவர்பேங்க் பெரிசாகத்தானே இருக்கிறது? அது போதாதா?

[காலை 9:41] அத்தான்: போதாது அத்தை. போனுக்கான பவர்பேங்க் 5 வோல்ட், கொஞ்சம் நல்லதாக இருந்தால் 20 வோல்ட் வரை கொடுக்கும். இந்த மெஷின்களுக்கு 24 வோல்ட் வேண்டும். அதற்கென்று தனி பேட்டரி இருக்கிறது. வாங்கும்போது வாட்-மணி, அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு, மேலே அச்சடித்திருப்பதைப் பார்க்க வேண்டும். 100-க்குள் இருந்தால் விமானத்தில் கேள்வி இல்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் விமானக் கம்பெனியிடம் முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும். எதுவாக இருந்தாலும் கையில் எடுத்துப் போகிற பையில்தான், லக்கேஜில் போடவே கூடாது.

[காலை 9:44] அப்பா: இதெல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்?

[காலை 9:50] அக்கா (சிங்கப்பூர்): அரை லட்சத்துக்கு மேல் போகும். அதை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். காசிக்கு மட்டும் இல்லை அப்பா, அடுத்த வருஷம் நீங்கள் இங்கே வந்து ஒரு மாதம் இருக்கப் போகிறீர்கள். எதிர்த்துப் பேச வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

[இரவு 8:12] அத்தான்: ஆபீஸில் ஒருவர் பாதி விலைக்குப் பழைய பயண மெஷின் ஒன்று இருக்கிறது என்கிறார். ட்ரீம்ஸ்டேஷன் கோ. பார்க்கலாமா?

[இரவு 8:20] நான்: வேண்டாம் அத்தான். 2021 ஜூனில் பிலிப்ஸ் திரும்பப் பெற்ற மெஷின்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. சத்தம் வராமலிருக்க உள்ளே வைத்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு சிதைந்து, அந்தத் துகள் மூச்சுக் குழாய்க்குள் போகலாம் என்பதுதான் காரணம். கையில் இருப்பது மாற்றிக் கொடுத்ததா, பழையதா என்று நமக்கு எப்படித் தெரியும்? ராத்திரி முழுக்க அப்பாவின் நுரையீரலுக்குள் காற்று தள்ளுகிற பொருளை யாரோ வைத்திருந்ததாக வாங்க எனக்கு மனசு வரவில்லை.

[இரவு 8:23] அத்தான்: சரி, விட்டுவிடலாம்.

நவம்பர் 8, சனி

[மதியம் 1:05] நான்: மதுரைக்கு வந்தேன், அப்பாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனோம். அழுத்த அளவை எழுதி வாங்கிவிட்டேன். வீட்டு மெஷினில் இருக்கிற அதே 8 முதல் 14. கடைக்காரரே தன் போக்கில் ஏதாவது வைத்துக் கொடுத்துவிடாமல் சீட்டைக் காட்டி வைக்கச் சொன்னேன். விமான நிலையத்தில் காட்ட, இவர் இந்த மெஷினோடுதான் தூங்க வேண்டும் என்று லெட்டர்பேடில் ஒரு கடிதமும் வாங்கியிருக்கிறேன்.

[மதியம் 1:11] பெரியப்பா: எனக்கும் அப்படி ஒன்று வாங்கிவிடுகிறேன்.

[மாலை 6:30] நான்: ஏர்மினி வாங்கியாயிற்று. எஃப்20 இணைப்பு, 24 வோல்ட் பேட்டரி, ஈரத்துக்கு ஹியூமிட்எக்ஸ் என்ற சின்ன வில்லை. அந்த வில்லையைப் பார்த்தால் அதிசயமாக இருக்கிறது. தண்ணீரே வேண்டாம். நாம் விடுகிற மூச்சில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்து அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுக்கிறது. குளிரில் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்குமே, அதே வேலை. பிரித்த பிறகு 30 நாள் வரைதான் தாங்கும், அதனால் கிளம்பும்போது புதிதாக ஒன்றைப் பிரிப்போம். மாஸ்க்குக்கு மாஸ்க் வில்லை வேறு, அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

[மாலை 6:38] அம்மா: காசியில் நல்ல தண்ணீருக்கு எங்கே அலைவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கவலை விட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

[காலை 6:20] அப்பா: நேற்று சரியாகத் தூங்கவில்லை. இந்தச் சின்னது சத்தம் போடுகிறது. விசில் மாதிரி.

[காலை 6:35] நான்: எங்கே வைத்தீர்கள் அப்பா?

[காலை 6:37] அப்பா: தலைமாட்டில், மர ஸ்டூல் மேல்.

[காலை 6:44] நான்: இன்றைக்கு அதைத் தரையில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். காற்று இழுக்கிற துளையைத் துண்டு மூடக் கூடாது, அது மட்டும் முக்கியம். சின்ன விசிறி வேகமாகச் சுற்றித்தான் அதே அழுத்தத்தைக் கொடுக்க வேண்டும். பெரிய மெஷினைவிடக் கொஞ்சம் சத்தம் இருக்கும், மறைக்கவில்லை. ஒரு வாரம் பாருங்கள். முடியாவிட்டால் வீட்டு மெஷினையே டப்பாவைக் கழற்றிவிட்டு எடுத்துப் போகலாம். பேட்டரி அதற்கும் ஆகும், கேபிள் மட்டும் வேறு.

நவம்பர் 12, புதன்

[காலை 6:10] அம்மா: தரையில் வைத்த பிறகு எனக்குச் சத்தமே தெரியவில்லை. அப்பாவும் ஐந்து மணி வரை தூங்கினார்.

[காலை 6:31] அப்பா: பரவாயில்லை. ஆனால் இதில் திரை ஒன்றும் இல்லையே. எல்லாம் போனில்தான் தெரிகிறது. போன் சார்ஜ் போய்விட்டால் மெஷின் ஓடாதா?

[காலை 6:36] நான்: ஓடும் அப்பா. மெஷின் மேலேயே பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் போதும். போன், கணக்குப் பார்க்கவும் அளவு மாற்றவும்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

[காலை 8:00] நான்: எட்டு ராத்திரிக் கணக்கு பார்த்தேன். மூச்சு நிற்பதோ குறைவதோ வீட்டு மெஷினில் மணிக்கு 2 அளவில் இருந்தது, இதில் 3 ஆகிறது. மணிக்கு 5-க்குள் இருந்தால் நல்லது. காற்றுக் கசிவு முதல் இரண்டு நாள் அதிகம், அப்புறம் குறைந்துவிட்டது. எனக்குத் திருப்தி. கடைசியாக ஒரு சோதனை. இன்றைக்கு ராத்திரி பிளக்கில் மாட்டவே மாட்டாதீர்கள், பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

நவம்பர் 17, திங்கள்

[காலை 5:50] அப்பா: ராத்திரி 10 மணிக்குப் போட்டேன். இப்போதும் ஓடுகிறது. நாலு விளக்கில் இரண்டு எரிகிறது.

[காலை 5:58] நான்: இதுதான் எனக்கு வேண்டியது! சூடு பண்ணி ஈரம் கொடுக்கிற மெஷினாக இருந்தால் கரண்டை அதுவே குடித்துவிடும். இதில் ஹீட்டர் இல்லாததால்தான் தாங்குகிறது. பகலில் ரயில் பிளக்கில் பேட்டரியைப் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். பிளக்குக்குப் பக்கத்தில் 110 வோல்ட் என்று எழுதியிருக்கும், பயப்பட வேண்டாம், அடாப்டர் 100 முதல் 240 வரை வாங்கிக்கொள்ளும்.

டிசம்பர் 3, புதன்

[மாலை 4:15] அம்மா: ராமேஸ்வரத்து மணலைப் பையில் கட்டி வைத்துவிட்டேன்.

[மாலை 4:19] நான்: எந்தப் பையில் அம்மா?

[மாலை 4:20] அம்மா: மெஷின் பையில்தான் இடம் இருந்தது.

[மாலை 4:21] நான்: ஐயோ அம்மா, அங்கே வேண்டாம்! மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். டப்பாவில் போட்டு மூடி உங்கள் புடவைப் பையில் வையுங்கள். மெஷின் பையில் மெஷின், மாஸ்க், பேட்டரி, அடாப்டர், மாற்று ஃபில்டர், டாக்டர் கடிதம் மட்டும். சத்திரத்தில் பிளக் எந்த மூலையில் இருக்குமோ, மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள்.

[மாலை 4:40] அம்மா: மாற்றிவிட்டேன். பையை உதறித் துடைத்தும் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

[இரவு 9:48] பெரியப்பா: சாப்பிட்டாயிற்று. தம்பிக்குக் கீழ் பெர்த். மெஷினை ஜன்னல் ஓரம் துண்டு மேல் வைத்திருக்கிறான். டிடிஇ என்னவென்று கேட்டார், சொன்னோம். தன் அப்பாவுக்கும் பயங்கரக் குறட்டை, எந்த டாக்டரைப் பார்ப்பது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

[இரவு 11:06] பெரியப்பா: பிளக் நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் பேட்டரியில் ஓடுகிறது.

[இரவு 11:09] அக்கா (சிங்கப்பூர்): இங்கே மணி ஒன்றரை ஆகிவிட்டது. இதற்காகத்தான் விழித்திருந்தேன். இனித் தூங்குகிறேன்.

டிசம்பர் 6, சனி

[காலை 7:35] அம்மா: பல்லார்ஷா வந்துவிட்டது. டீக்காரர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். பெரியப்பா எழுந்து பல் தேய்த்துவிட்டார். அப்பா இன்னும் தூங்குகிறார். ராத்திரி ஒரு தடவைகூட நான் எண்ணவில்லை.